ஆர்மரர் பதில்கள்: மாப்பிள்ளையின் கார்பைனும் முப்பது ரவுண்டு மேகசினும்

போன இதழில் ஒருவருக்குப் பதில் எழுதும்போது, "ரவுண்டு ஏறவில்லை என்றால் துப்பாக்கியைத் திட்டாதீர்கள், முதலில் மேகசினைக் கழற்றிப் பாருங்கள்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். (ரவுண்டு என்றால் தோட்டா, மேகசின் என்றால் துப்பாக்கியில் மாட்டும், தோட்டாக்களை அடுக்கி வைக்கும் தகரப் பெட்டி.) அந்த ஒரு வரிக்குத்தான் இந்த மாதம் வந்த கடிதங்கள் எல்லாம். ஆடி மாதம், மண்டபம் பக்கம் கச்சான் காற்று பேயாட்டம் ஆடுகிறது. ஒவ்வொரு கடிதத்தின் மேலும் ஒரு சிரட்டையைக் கவிழ்த்து வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

எழுதத் தொடங்குமுன் ஒரு வேண்டுகோள். நான் பட்டாளத்தில் ஆர்மரராக, அதாவது துப்பாக்கிகளைப் பழுதுபார்ப்பவனாக, இருந்தவன் என்பதற்காக யாரும் லைசென்ஸ் துப்பாக்கியை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம். 1959 ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியை ரிப்பேர் செய்யவே தனி லைசென்ஸ் வேண்டும். என்னிடம் அது கிடையாது. வாயால் சொல்வேன், பேனாவால் எழுதுவேன், அவ்வளவுதான்.

கேள்வி: ஆர்மரர் ஐயாவுக்கு வணக்கம். என் மூத்த மகளைக் கட்டிய மாப்பிள்ளை டெக்சாஸில் இருக்கிறார். அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கியவர். முறைப்படி ஒரு பழைய எம்1 கார்பைன் வாங்கி, ரேஞ்சில் மட்டும் சுடுகிறார். பதினைந்து ரவுண்டு மேகசின் போட்டால் ஒரு தொந்தரவும் இல்லையாம். முப்பது ரவுண்டு மேகசின் போட்டால் நாலைந்து ரவுண்டுக்கு ஒருமுறை நின்றுவிடுகிறதாம். மாமனார் பட்டாளத்துக்காரர் ஆயிற்றே என்று என்னைக் கேட்கிறார். நான் அங்கே கிளார்க்காக இருந்தவன் என்பது அவருக்குத் தெரியாது. மானத்தைக் காப்பாற்றுங்கள். (உச்சிப்புளியிலிருந்து ஒரு மாமனார்)

பதில்: காப்பாற்றிவிடலாம் ஐயா. உங்கள் கேள்வியிலேயே முக்கால்வாசி பதில் இருக்கிறது.

முதலில் அந்தக் கார்பைனைப் பற்றி நாலு வார்த்தை. மாப்பிள்ளையிடம் பேசும்போது உதவும். இரண்டாம் உலகப் போரில், ரைஃபிள் சுமக்க முடியாத வேலையில் இருந்தவர்களுக்காக அமெரிக்கர்கள் செய்தது. டிரைவர், சிக்னல்காரர், பீரங்கிக்குப் பக்கத்தில் நிற்பவர், ஆபீசர் இப்படி. கைத்துப்பாக்கியைவிட நன்றாகச் சுட வேண்டும், பெரிய ரைஃபிளைவிட இலேசாக இருக்க வேண்டும் என்பது கணக்கு. 1941-ல் ஏற்றுக்கொண்டார்கள். அறுபது லட்சத்துக்கு மேல் செய்து தள்ளினார்கள். வெறும் எடை இரண்டரைக் கிலோவுக்குள். டிரிகரை ஒருமுறை அழுத்தினால் ஒரு குண்டு. அடுத்த ரவுண்டை, சுட்ட வாயுவின் தள்ளலே ஏற்றிவிடும். அதைத்தான் செமி ஆட்டோமேட்டிக் என்கிறோம். அதற்கென்று பிறந்தது பதினைந்து ரவுண்டு மேகசின். முப்பது ரவுண்டு மேகசின் பின்னால், போர் முடிகிற காலத்தில், தொடர்ந்து சுடும் எம்2 என்ற தம்பியோடு வந்தது. இந்த அண்ணன் தம்பி விஷயத்தில்தான் உங்கள் சிக்கல் இருக்கிறது.

பதினைந்து ஒழுங்காகப் போகிறது என்கிறீர்கள். அப்படியானால் வாயுவின் தள்ளல் வேலை செய்கிறது, ரவுண்டை முன்னால் தள்ளும் போல்ட் முழுக்கப் பின்னால் போய் வருகிறது, அதைத் திரும்பத் தள்ளும் ரீகாயில் ஸ்பிரிங் சாகவில்லை, ரவுண்டு உட்காரும் சேம்பர் சுத்தமாக இருக்கிறது, எக்ஸ்ட்ராக்டர் சுட்ட ரவுண்டின் காலிக் கூட்டை (கேஸ்) இழுக்கிறது. துப்பாக்கி நிரபராதி. மீதி இருப்பவை இரண்டு: அந்த முப்பது ரவுண்டு மேகசின், அதைத் தாங்கிப் பிடிக்கும் கொக்கி.

கொக்கியிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லுங்கள். அந்தக் கார்பைன் ரவுண்டு ஒன்று ஏறத்தாழ 12 கிராம். முப்பது சேர்ந்தால் 360 கிராம், மேகசின் தகரம் தனி. பதினைந்து ரவுண்டுக்கு என்று செய்த பழைய கொக்கியில் இதை மாட்டினால், நிரம்பிய மேகசின் அரைக்கால் நூல் கீழே தொங்கும். கண்ணுக்குத் தெரியாது, போல்ட்டுக்குத் தெரியும். முன்னால் வரும்போது ரவுண்டின் பின்புறத்தை முழுசாக முட்டித் தள்ள வேண்டிய போல்ட், பாதி முட்டும், அல்லது மேலேயே வழுக்கிக்கொண்டு போகும். இதற்காகவே எம்2 காலத்தில் பக்கவாட்டில் ஒரு நாக்கு கூடுதலாக வைத்த கொக்கியைச் செய்தார்கள். முப்பது ரவுண்டு மேகசினின் உடம்பில் அதற்கென்று ஒரு சின்ன மொட்டு இருக்கும், நாக்கு அந்த மொட்டைத் தாங்கும். மேகசினில் மொட்டு இருந்து, துப்பாக்கியில் நாக்கு இல்லை என்றால், தூண் இல்லாத உத்திரம்தான். மாப்பிள்ளையின் கார்பைனில் இருப்பது எந்தக் கொக்கி என்று பார்க்கச் சொல்லுங்கள். பழையது என்றால் எம்2 கொக்கி ஒன்று வாங்கி, அங்கே இருக்கும் கன்ஸ்மித்திடம் மாற்றிக்கொண்டால் போதும். பெரிய செலவு இல்லை.

கொக்கி சரியாக இருந்தும் நிற்கிறது என்றால் மேகசினுக்கு வருவோம். போருக்குப் பின்னால் வியாபாரத்துக்காகச் செய்த மேகசின்களில் நல்லதும் உண்டு, குப்பையும் உண்டு. மெல்லிய தகரம், சொத்தை ஸ்பிரிங். கையில் இருக்கும் மேகசின்கள் எல்லாவற்றிலும் பெயின்ட்டால் 1, 2, 3 என்று எண் போடச் சொல்லுங்கள். நின்றதும் எந்த எண், எத்தனையாவது ரவுண்டு என்று ஒரு நோட்டில் குறிக்கட்டும். இரண்டு வாரத்தில் நோட்டே சொல்லிவிடும். எங்கள் கோத்தில் இதைத்தான் செய்வோம். (கோத் என்றால் பட்டாளத்தில் ஆயுதங்களை அடுக்கிப் பூட்டி வைக்கும் அறை. உள்ளே வந்தாலே எண்ணெயும் சணலும் கலந்த ஒரு வாசம் அடிக்கும். இன்றைக்கும் தையல் மிஷினைத் திறந்தால் எனக்கு அந்த ஞாபகம்தான்.) "சார், இந்தத் துப்பாக்கி சரியில்லை" என்று ஜவான் வருவான். துப்பாக்கியைத் தொடாமல் வேறு மேகசினைக் கொடுத்து அனுப்புவேன். பத்தில் எட்டுப் பேர் திரும்ப வந்ததில்லை.

அடுத்தது, நின்ற இடத்தில் ரவுண்டு எப்படிக் கிடக்கிறது என்று பார்ப்பது. நின்றவுடன் ஆத்திரத்தில் போல்ட்டைப் படபடவென்று இழுப்பவன் சாட்சியைக் கலைக்கிறான். துப்பாக்கி வாயை மண்மேட்டுப் பக்கமே வைத்து, டிரிகரிலிருந்து விரலை எடுத்து, அரை நிமிஷம் பொறுக்க வேண்டும். சில ரவுண்டு தாமதித்து வெடிக்கும். அப்புறம் குனிந்து பார்க்க வேண்டும்.

போல்ட் மூடியிருக்கிறது, சேம்பர் காலி, மேகசினில் மேல் ரவுண்டு அசையாமல் இருக்கிறது என்றால், போல்ட் அதைத் தாண்டிப் போய்விட்டது. மேகசின் தாழ்ந்திருக்கிறது, அல்லது அதன் ஸ்பிரிங் ரவுண்டைச் சட்டென்று மேலே கொடுக்கவில்லை. உங்கள் மாப்பிள்ளைக்கு இதுதான் நடக்கிறது என்று நினைக்கிறேன். ரவுண்டின் மூக்கு கீழே சாய்ந்து மேகசினின் முன் சுவரிலோ, சேம்பருக்கு ஏறும் சரிவிலோ குத்திக்கொண்டு நின்றால் ஸ்பிரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். சுத்தம் செய்யக் கழற்றியவர் அதை முன்பின் மாற்றிப் போட்டிருப்பார். அல்லது ரவுண்டைத் தூக்கிக் கொடுக்கும் தட்டு உள்ளே கோணலாகச் சிக்கியிருக்கும். நாங்கள் அதைப் பிளாட்ஃபார்ம் என்போம், மாப்பிள்ளை ஃபாலோயர் என்பார். இரண்டும் ஒன்றுதான். தட்டை விரலால் கீழே அமுக்கி விட்டால் மளமளவென்று மேலே வர வேண்டும். வழியில் எங்காவது தயங்கினால் தகரத்தில் அந்த இடத்தில் வெளியே ஒரு சொட்டை இருக்கும், தடவிப் பாருங்கள். கீழே போட்டதில் விழுந்த சொட்டை. இரண்டு ரவுண்டு ஒரே நேரத்தில் மேலே துள்ளிக்கொண்டு வந்து அடைத்தால் மேகசினின் உதடு அகன்றுவிட்டது. மேலே இரண்டு பக்கமும் உள்ளே மடிந்து ரவுண்டைப் பிடித்துவைக்கிறதே, அந்த மடிப்பைத்தான் உதடு என்கிறேன்.

உதடு விஷயத்தில் என் சொந்தக் கதை ஒன்று சொல்லியாக வேண்டும். சேர்ந்த புதிதில், அகன்ற உதட்டைக் கட்டிங் பிளேயரால் நெருக்கிச் சரி செய்தேன். ரவுண்டு அருமையாக ஏறியது. எனக்கு ஒரே பெருமை. எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த உஸ்தாத் வந்தார். மேகசினை வாங்கி, வெர்னியரை வைத்து இரண்டு பக்கமும் அளந்தார். ஒரு பக்கம் நெருங்கி, ஒரு பக்கம் அப்படியே. பத்து ரவுண்டு போட்டு ஏற்றிக் காட்டினார், ஆறாவதில் நின்றது. "தகரம் ஒருமுறை வளைந்தால் திரும்ப அதே பக்கம் வளையத்தான் பார்க்கும்" என்று சொல்லிவிட்டு, அந்த மேகசினைத் தரையில் போட்டு பூட்ஸால் மிதித்து நசுக்கினார். மறுபடி யாரும் எடுத்துப் பயன்படுத்திவிடக் கூடாது என்பதற்காக. ஸ்டோரில் எழுதிக் கழிப்பதற்கு என்னை மூன்று படிவம் நிரப்பச் சொன்னார். அன்றைக்குச் சாப்பாட்டு நேரம் போனதே தெரியவில்லை. ஆகவே மாப்பிள்ளையிடம் சொல்லுங்கள்: பிளேயரை எடுக்காதே, நல்ல மேகசின் ஒன்றை வாங்கு.

இன்னொன்று, இது வேடிக்கைக்காக. அந்தக் கார்பைனின் முதல் மாடலில் சேஃப்டியும் ஒரு பொத்தான், மேகசினை விடுவிப்பதும் ஒரு பொத்தான், இரண்டும் டிரிகருக்கு முன்னால் பக்கத்தில் பக்கத்தில். பதற்றத்தில் சேஃப்டி என்று நினைத்து அதை அழுத்துவார்கள், மேகசின் பொத்தென்று காலடியில் விழும். பிறகுதான் சேஃப்டியைத் திருகும் நெம்புகோலாக மாற்றினார்கள். மாப்பிள்ளை கையில் இருப்பது பொத்தான் மாடல் என்றால், முப்பது ரவுண்டு மேகசின் ஏன் திடீரென்று தளர்கிறது என்று அங்கேயும் ஒரு கண் வைக்கலாம்.

சோதனை எல்லாம் டம்மி ரவுண்டில்தான். வீட்டுக்குள் நிஜ ரவுண்டை ஏற்றி இறக்கிப் பார்ப்பவனை நான் மாப்பிள்ளை என்று ஏற்றுக்கொள்ள மாட்டேன். நீங்களும் வேண்டாம்.

கேள்வி: போலீஸில் இருந்து ஓய்வு பெற்றவன். எங்களிடம் 9 எம்.எம். கார்பைன் இருந்தது. மேகசினில் 34 பிடிக்கும், ஆனால் 30-தான் போட வேண்டும் என்று எங்கள் பழைய ஹெட் கான்ஸ்டபிள் அடித்துச் சொல்வார். சரிதானா? (தொண்டி)

பதில்: உங்கள் ஹெட் கான்ஸ்டபிள், தொடர்ந்து சுடும் பழைய பிரிட்டிஷ் துப்பாக்கியான ஸ்டென் காலத்து மனிதராக இருப்பார் என்று பந்தயம் கட்டுகிறேன்.

ஸ்டென் கன் மேகசினில் 32 பிடிக்கும். ஆனால் இரண்டு வரிசையாக ஏறி வரும் ரவுண்டு, மேலே வரும்போது ஒற்றை வரிசையாக நெருங்க வேண்டும். கும்பாபிஷேகத்துக்குப் போன கூட்டம் ஒற்றைக் கதவு வழியாக வெளியேறுவது மாதிரி. கொஞ்சம் மணல், கொஞ்சம் அழுக்கு, உதட்டில் ஒரு சின்ன வளைவு போதும், நெரிசல்தான். அதனால் ஸ்பிரிங்குக்குக் கொஞ்சம் மூச்சு விட இடம் கொடுத்து, 30, சிலர் 28 என்று குறைத்துப் போட்டார்கள். அது ஸ்டென்னுக்கு நியாயமான பழக்கம்.

நீங்கள் பிடித்தது கான்பூரில் செய்த 1ஏ1 கார்பைன். அது ஸ்டெர்லிங் என்ற இங்கிலீஷ் துப்பாக்கியின் பிள்ளை. ஸ்டெர்லிங்கைச் செய்த பேட்செட் என்ற இங்கிலீஷ்காரர் இந்த நெரிசலை நன்றாக யோசித்திருக்கிறார். கடைசி வரைக்கும் இரண்டு வரிசை, இடது வலது என்று மாறி மாறி ரவுண்டு வெளியே வரும். அடியில் தூக்கிக் கொடுக்கும் பிளாட்ஃபார்முக்குத் தட்டுக்குப் பதில் உருளைகள் வைத்தார். ரவுண்டும் உருளை, அதைத் தள்ளுவதும் உருளை. உரசல் குறையும், மணல் புகுந்தாலும் ஒதுங்க இடம் இருக்கும். மேகசினில் இலேசான வளைவும் கொடுத்தார், 9 எம்.எம். கேஸ் அடியில் கொஞ்சம் பருத்து மேலே ஒடுங்கும், அடுக்க அடுக்க அது தானாக வளையும் என்பதால். நான் பார்த்த மேகசின்களில் கையோடு பாராட்டத் தோன்றியது இந்த ஒன்றுதான். நல்ல நிலையில் இருந்தால் 34-ம் போடலாம்.

ஆனால் உங்கள் ஹெட் கான்ஸ்டபிள் இன்னொன்றும் சொல்லியிருப்பாரே: "மேகசினைப் பிடித்துச் சுடாதே." இடது பக்கம் கைப்பிடி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும், பிடிக்கத் தோன்றும். பிடித்துப் பிடித்து இழுத்தால் அது மாட்டியிருக்கும் இடம் தேய்ந்து, மேகசின் ஆடும், ரவுண்டு ஏறும் கோணம் மாறும். பரேடில் ஆர்-ல் வைத்து ஒவ்வொன்றாகச் சுடும்போது தெரியாது. தொடர்ந்து சுடும் ஏ-க்குத் தள்ளினால் தெரியும். அதை அவர் சொல்லியிருந்தால் அவருக்கு என் சல்யூட்டைச் சொல்லுங்கள்.

கேள்வி: தங்கச்சிமடத்தில் இருந்து எழுதுகிறேன் அண்ணே. வடநாட்டில் ஒரு கம்பெனியில் செக்யூரிட்டி. மேகசினை எப்போதும் நிரப்பியே வைத்தால் ஸ்பிரிங் செத்துவிடும் என்கிறார்கள். வாரம் ஒருமுறை காலி பண்ணி ஓய்வு கொடுக்க வேண்டுமா? லீவில் வரும்போது காலி மேகசின் ஒன்றைத் தவறிப் பையிலேயே கொண்டுவந்துவிட்டேன், ஒரு மாதத்தில் உள்ளே சிவப்பாகிவிட்டது. அதையும் எப்படிச் சுத்தம் செய்வது?

பதில்: தம்பி, இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில். அதைச் சுத்தம் செய்வதற்கு முன், உன் கம்பெனி ஆயுதப் பொறுப்பாளருக்கு இன்றைக்கே போன் போட்டுச் சொல். துப்பாக்கியின் பாகமும் சட்டத்தின் கண்ணில் துப்பாக்கிதான். அவர் சொல்கிறபடி எழுத்தில் கொடுத்து ஒப்படை. இதைப் படிக்கும்வரை காத்திருக்காதே என்று ஆசிரியரிடம் சொல்லி உனக்குத் தனியாகக் கடிதமும் போட்டாயிற்று.

இப்போது ஸ்பிரிங். அளவுக்குள் அமுங்கியிருக்கும் நல்ல ஸ்பிரிங் சும்மா இருப்பதால் சாவதில்லை. அமுங்கி விரிந்து, அமுங்கி விரிந்து வேலை செய்வதில்தான் தேய்கிறது. வாரா வாரம் ஓய்வு கொடுக்கிறேன் என்று காலி பண்ணி நிரப்புகிறவன் அதற்கு ஓவர்டைம் கொடுக்கிறான். அளவுக்கு மேல் ஒரு ரவுண்டைத் திணித்து அமுக்குவது வேறு, அது கெடுதல். ஸ்பிரிங்கின் எமன் துரு. நம் ஊரில் இரும்புக்கு எமன் வேறு யாரும் தேவையில்லை. என் சைக்கிள் செயின், தோணிக்காரர் வீட்டு ஜன்னல் கம்பி, பாம்பனில் 1914-லிருந்து நின்ற பழைய ரயில் பாலம், எல்லாவற்றுக்கும் ஒரே கதைதான். நூறு வருஷம் சுரண்டிச் சுரண்டி பெயின்ட் அடித்தார்கள். 2025-ல் புதுப் பாலம் திறந்தாயிற்று, அதற்கும் பெயின்ட் அடித்துக்கொண்டேதான் இருக்க வேண்டும்.

உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டு வந்து இரும்பின் மேல் உட்கார வைக்கும். பழைய 303 ரவுண்டு சுட்டபின் பேரலில் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றுவோம். அதன் மருந்துப் புகையிலும் ஒரு வகை உப்பு மிஞ்சும். எண்ணெய் போட்டால் உப்புக் கரையாது, தண்ணீரில்தான் கரையும். கடற்கரையிலும் அதே கணக்குதான்: உப்புப் பட்டதை முதலில் நல்ல தண்ணீரால் துடைத்து, நன்றாக உலர்த்தி, அப்புறம்தான் எண்ணெய். உப்பின் மேலேயே எண்ணெய் தடவினால் துருவை மூடி வளர்க்கிறோம்.

மேகசின் என்றால் இன்னொரு நிபந்தனை. உள்ளே எண்ணெய் சொட்டக் கூடாது. எண்ணெய் தொட்ட சிந்தியால் (பட்டாளத்தில் துடைக்கும் துணிக்கு அந்தப் பேர்) ஒரு இழுப்பு, அப்புறம் காய்ந்த சிந்தியால் ஒரு இழுப்பு. எண்ணெய் ஈரமாக நின்றால் பொடிமணலை அப்படியே பிடித்துவைத்து அரைக்கும், ரவுண்டைப் பற்றவைக்கும் பிரைமருக்குள் கசிந்து மருந்தையும் கெடுக்கும். தேங்காய் எண்ணெய் ஆகாது. இதை எழுதக் காரணம் உண்டு. நம் பக்கத்துப் பையன் ஒருவன், பேர் வேண்டாம், மலையில் போஸ்டிங்கில் இருந்தபோது அம்மா கொடுத்தனுப்பிய தேங்காய் எண்ணெயைப் போல்ட்டுக்கும் மேகசினுக்கும் சேர்த்துத் தடவிவிட்டான். ராத்திரி உறைந்து மெழுகாகிவிட்டது. காலையில் போல்ட்டை இழுக்க இரண்டு பேர். பலகாரம் பொரித்த வாசனையோடு அந்தத் துப்பாக்கி என் மேசைக்கு வந்தது.

கேள்வி: என்.சி.சி.யில் இருக்கிறேன் சார். 22 ரைஃபிள் மேகசினில் ரவுண்டு போடும்போது சில நேரம் மேல் ரவுண்டு ஏறாமல் மாட்டிக்கொள்கிறது. நான் பொண்ணு என்பதால் கையில் பலம் இல்லை என்கிறார்கள். (ராமநாதபுரம்)

பதில்: பலத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை அம்மா. 22 ரவுண்டின் அடியில் தட்டு மாதிரி ஒரு விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், ரிம் என்பார்கள். மேல் ரவுண்டின் ரிம், கீழ் ரவுண்டின் ரிம்முக்கு முன்னால் உட்கார வேண்டும். பின்னால் போய்விட்டால் மேல் ரவுண்டு முன்னே நகரும்போது கீழே இருப்பதையும் கொக்கி போட்டு இழுக்கும், இரண்டும் நகராது. ஒவ்வொன்றைப் போடும்போதும் முன்னால் வைத்து அமுக்கிப் பின்னால் தள்ளு. 303 ரைஃபிளில் பத்து ரவுண்டு போட்ட பெரிய பெரிய மீசைக்காரர்கள் எல்லாம் இதே இடத்தில் மாட்டி முழித்திருக்கிறார்கள். கிண்டல் செய்தவரை ஐந்து ரவுண்டு வேண்டுமென்றே தப்பாக அடுக்கி ஏற்றச் சொல், பலத்தைப் பார்ப்போம்.

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும் காக்கா (அண்ணே). துப்பாக்கியில் இருப்பதும் மேகசின், நீங்கள் எழுதுகிற இதுவும் மேகசின். இது எப்படி? (கீழக்கரை)

பதில்: வ அலைக்கும் ஸலாம். கீழக்கரையிலிருந்து இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு ஒரு சந்தோஷம், ஏனென்றால் வார்த்தை உங்கள் வீட்டிலிருந்து போனது. அரபியில் மக்ஸன் என்றால் கிடங்கு. மரைக்காயர் கப்பலில் சரக்கு இறக்கி வைத்திருப்பார்களே, அது. அது ஐரோப்பாவுக்குப் போய் வெடிமருந்துக் கிடங்குக்குப் பெயரானது. பிறகு ரவுண்டுகளைச் சேர்த்து வைக்கும் தகரப் பெட்டிக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. 1731-ல் லண்டனில் எட்வர்ட் கேவ் என்பவர் பல விஷயங்களைக் கட்டி வைத்த கிடங்கு என்ற பொருளில் தன் பத்திரிகைக்கு மேகசின் என்று பேர் வைத்தார். அதிலிருந்து இதுவும் மேகசின். இதிலும் சில நேரம் பின்னால் வர வேண்டிய பக்கம் முன்னால் வந்து மாட்டிக்கொள்ளும். போன இதழில் என் பதில் பதினேழாம் பக்கத்தில் பாதியும் முப்பதாம் பக்கத்தில் மீதியும் வந்ததே, அது ஃபீடிங் கோளாறு அல்லாமல் வேறென்ன?

கேள்வி: சாயல்குடி பக்கம் கடலைக் காட்டில் பன்றித் தொல்லை. நீங்கள் எழுதுகிற மாதிரி ஒரு செமி ஆட்டோமேட்டிக் கார்பைன் வாங்க என்ன வழி?

பதில்: வழி இல்லை. சாதாரண லைசென்ஸில் 12 போர் துப்பாக்கி, 315 போல்ட் ரைஃபிள் மாதிரியானவைதான் வரும். செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள் தடைசெய்த வகை, அதற்கு மத்திய அரசு அனுமதி வேண்டும், கடலைக்காக யாரும் கொடுக்க மாட்டார்கள். லைசென்ஸ் இருந்தாலும் பன்றியை உங்கள் இஷ்டத்துக்குச் சுட முடியாது. வனத்துறைக்கு மனு கொடுங்கள், சேதத்தைப் படம் எடுத்து வையுங்கள். மின்வேலி மட்டும் போட்டுவிடாதீர்கள்.

கேள்வி: நான் தேவிபட்டினத்தில் ஆசிரியை. துப்பாக்கிக்கும் எனக்கும் சம்பந்தமில்லை. ஆனால் உங்கள் வரியைப் படித்ததும் என் ஸ்டேப்ளர் ஞாபகம் வந்தது. பரீட்சைப் பேப்பர் கட்டும்போது நாலு பின்னுக்கு ஒருமுறை மாட்டிக்கொள்கிறது. கோபித்துக்கொள்ளாமல் பதில் சொல்வீர்களா?

பதில்: கோபமா! டீச்சர், இந்த மாதத்தின் மிகச் சரியான கடிதம் உங்களுடையதுதான். ஸ்டேப்ளர் அச்சு அசல் ஒரு மேகசின். பின் வரிசைதான் ரவுண்டு, பின்னாலிருந்து தள்ளும் தகரம் பிளாட்ஃபார்ம், அதற்குள் ஸ்பிரிங், முன்னால் பின்னைப் பிடித்து வைத்திருக்கும் மடிப்புதான் உதடு. நீங்கள் மேலே அமுக்கும் தகடுதான் போல்ட்.

திறந்து, மாட்டிய பின்னைப் பாருங்கள். இரண்டு பின் ஒன்றாக மடங்கிக் கிடந்தால் முன் மடிப்பு அகன்றுவிட்டது. பிளேயரை எடுக்காதீர்கள், மேலே என் கதையைப் படித்திருப்பீர்கள். பின் பாதி தூரம் வந்து நின்றால் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது, அல்லது பள்ளத்தில் பழைய பின் முறிந்து ஒளிந்திருக்கிறது, குண்டூசியால் சுரண்டி எடுங்கள். பேப்பர் கட்டு தடிமனாக இருந்தால் பின் பாதியில் மடங்கும், அதற்கு ஸ்டேப்ளர் பொறுப்பல்ல. அப்புறம் பின் அளவு. 10-ம் நம்பர் ஸ்டேப்ளரில் 24/6 பின் போகாது, அலுவலகத்தில் யாரோ கொடுத்தார்கள் என்று எதையோ திணித்திருக்கலாம்.

உங்கள் பள்ளிக்கூடம் கடலோரம் என்றால் பின் டப்பாவைத் திறந்து மேசையில் வைக்காதீர்கள். உப்புக் காற்றில் பின்கள் துருவேறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிரியாமல் நிற்பது அதனால்தான் என்பது என் சந்தேகம். புதுப் பின் டப்பா ஒன்றைப் போட்டுப் பாருங்கள். அதற்கும் மாட்டினால் பக்கத்து வகுப்பு ஸ்டேப்ளரை வாங்கி, இதே பின்னை அதில் போட்டுப் பாருங்கள். ஓடினால் உங்களுடையதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக இரண்டு வாங்கி, நெயில் பாலிஷால் 1, 2 என்று எழுதி வையுங்கள். எது மாட்டியது என்று அடுத்த மாதம் எனக்கு எழுதுங்கள்.